விருதுநகரில் எத்தனை எழுத்துகள்?

"விருதுநகர்" என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? ஆறு என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும். பைத்தான் என்ற நிரல் மொழியில் கணிப்பொறியைக் கேட்டுப் பாருங்கள், பத்து என்கிறது! "சிவகாசி"யில் உள்ள நான்கு எழுத்துகளை ஏழு என்கிறது. காரணம் எளிது. யூனிகோடு முறையில் 'வி' என்பதற்கு இரண்டு குறியெண்கள்: 'வ' ஒன்று, இகரத் துணைக்குறி ஒன்று. கணிப்பொறி எண்ணுவது குறியெண்களை. நாம் எண்ணுவது எழுத்துகளை.

குறியெண்களை எழுத்துகளாகச் சேர்க்கும் கட்டளைகளை நாமே எழுதிவிடலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் அகராதி செய்பவர், குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பவர், எழுத்துப் பிழை திருத்துபவர் என்று ஒவ்வொருவரும் அதே கட்டளைகளை மீண்டும் மீண்டும் எழுத வேண்டுமா?

இது பழைய கேள்விதான். 1949 மே 6ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி முதன்முதலாக இயங்கியது. அதற்கு நிரல் எழுதியவர்கள், அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துணை நிரல்களாக எழுதி, துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து அலமாரியில் அடுக்கினார்கள். வேண்டியவர் நாடாவை எடுத்துத் தம் நிரலில் படியெடுத்துக்கொள்ளலாம். 1951க்குள் இந்த நூலகத்தில் 87 துணை நிரல்கள் சேர்ந்துவிட்டன. வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் அவ்வாண்டே இம்முறையை விளக்கி நூல் வெளியிட்டனர்.

கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தானில் இவ்வேலை இன்னும் எளிது. செயற்கூறுகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அக்கோப்பே ஒரு தொகுதி. வேறொரு நிரலின் தொடக்கத்தில் 'இம்போர்ட்' என்ற கட்டளையுடன் அத்தொகுதியின் பெயரைக் குறித்தால் போதும். அதிலுள்ள செயற்கூறுகள் அனைத்தும் கைக்கு வந்துவிடும்.

சிவகாசிப் பட்டாசைப் பாருங்கள். லட்சுமி வெடிக்கு ஒன்று, அணுகுண்டுக்கு ஒன்று என்று திரியைப் புதிது புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. தனியே செய்த திரியை அளவாக வெட்டிச் செருகுகிறார்கள். திரி பழுதென்றால் எல்லா வெடியும் கெடும் என்பது உண்மைதான். தொகுதியில் உள்ள பிழையும் அப்படியே பரவும். ஆனால் ஓரிடத்தில் திருத்தி வெளியிட்டால், புதிய பதிப்பைப் பெறும் எல்லா நிரல்களும் திருந்திவிடும்.

தமிழுக்கு இத்தகைய திரி உண்டா? உண்டு. 'நிரல்பாகம்', 'பதிப்பி' போன்ற தமிழ்க் கட்டளைகளைக் கொண்ட 'எழில்' மொழியைப் பற்றி முத்து அண்ணாமலை 2009இல் கட்டுரை வெளியிட்டார். அவரும் பிறரும் சேர்ந்து உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் நூலகத்தில், சொல்லை எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு இருக்கிறது. அதைக் கேட்டால் விருதுநகருக்கு ஆறு என்றே விடை வரும். யாரும் விலையின்றிப் பெறலாம். பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம்.

உங்களுக்கு ஒரு கேள்வி: "பக்ஷி"யில் எழுத்துகள் இரண்டா, மூன்றா? கணிப்பொறிக்குத் தெரியாது. தமிழ் அறிந்தவர்கள் முடிவு செய்து, தொகுதியில் ஒருமுறை எழுதி வைக்க வேண்டும்.