293318625600

293318625600 (29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600) என்பது ஓர் உயர் பகு எண். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிகக் காரணிகளைக் கொண்ட முழு எண்ணை உயர் பகு எண் என்பர். இதற்கு 5040 காரணிகள் உள்ளன. சீனிவாச இராமானுஜன் 1915இல் வெளியிட்ட உயர் பகு எண்களின் பட்டியலில் இது விடுபட்டிருந்தது.

வரலாறு

1912 மார்ச்சில் இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913 பிப்ரவரியில் கில்பர்ட் வாக்கர் அவருடைய குறிப்பேடுகளைப் பார்வையிட்டார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற வாக்கர், அப்போது இந்திய வானாய்வகங்களின் தலைமை இயக்குநர். அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். அதன்பின் இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எழுத்தர் வேலையை விட்டு, முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட வழி பிறந்தது.

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், மறு ஆண்டே உயர் பகு எண்கள் குறித்த நீண்ட ஆய்வுக் கட்டுரையை இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டத்தைப் பெற்றுத்தந்தது இந்த ஆய்வே. 6746328388800 வரை நீளும் அதன் பட்டியல், 240940299600க்கு அடுத்து 321253732800க்குத் தாவிவிடுகிறது. முன்னதற்கு 4800 காரணிகள், பின்னதற்கு 5376. இடையில் வரவேண்டியது 293318625600.

பண்புகள்

இதன் பகாக் காரணிப் பிரிப்பு: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. உயர் பகு எண்ணில் பகா எண்கள் இடையில் ஒன்றும் விடுபடாமல் வரும். பகா எண் பெரிதாகும்போது அதன் அடுக்கு கூடாது. 4, 36 நீங்கலாக, கடைசி அடுக்கு 1 ஆகவே இருக்கும். கட்டுரையில் இராமானுஜன் நிறுவிய இவ்விதிகளுக்கு, பட்டியலில் இடம்பெறாத இந்த எண்ணும் முழுமையாகக் கட்டுப்படுகிறது. முன்னும் பின்னும் உள்ள உயர் பகு எண்கள் இரண்டும் 23ஆல் வகுபடும், இது வகுபடாது. அவருடைய பட்டியலின் எல்லைக்குள் 23 இல்லாத கடைசி உயர் பகு எண் இதுவே.

வகைப்பாடு

இதன் காரணிகளின் கூடுதல் 1642243014720. இது எண்ணைப்போல் ஏறத்தாழ 5.6 மடங்கு; இரு மடங்கைத் தாண்டுவதால் இந்த எண் மிகை எண் வகையில் சேரும். இலக்கங்களின் கூடுதலான 45 இதை மீதியின்றி வகுக்கும். ஆகவே தேவ்ளாலியில் ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் வகுத்த ஹர்ஷத் எண்களிலும் ஒன்று. காரணிகளின் எண்ணிக்கையான 5040ஆலும் மீதியின்றி வகுபடும்.

அந்த 5040 தானே ஓர் உயர் பகு எண். 5040ஐவிடப் பெரிய எல்லா எண்களின் காரணிக் கூடுதலும் அந்தந்த எண்ணைச் சார்ந்த ஓர் எல்லைக்குள் அடங்கும் என்பது பகா எண்களின் பரவல் குறித்த ரீமான் கருதுகோளுக்கு நிகரான கூற்று என்று 1984இல் கீ ரோபின் நிறுவினார். இலண்டன் கணிதக் கழகத்தின் நிதி நெருக்கடியால் 1915இல் அச்சேறாமல் நின்ற இராமானுஜன் கட்டுரையின் எஞ்சிய பகுதியை, ழான்-லூயி நிக்கோலாவுடன் சேர்ந்து 1997இல் விளக்கக் குறிப்புகளோடு வெளியிட்டவரும் அவரே.