காசும் கண்டெடுத்த இடமும்: தென்னாட்டு நாணயவியல் சங்கங்களின் வரலாறு

தமிழக வரலாற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமும் மூன்று பெருஞ்சான்றுகள் என்பர். நான்காவது சான்றாகிய காசு உருவில் மிகச் சிறியது. கல்வெட்டு பொறித்த இடத்திலேயே நிற்கும். செப்பேட்டைக் கோயிலோ மடமோ காத்து வைக்கும். காசுக்கு அத்தகைய இருப்பிடம் இல்லை. கைமாறுவதே அதன் தொழில். ஆட்சி மாறியதும் மதிப்பிழந்து, பொற்கொல்லர் உலைக்கோ பழைய உலோகக் கடைத் தராசுக்கோ போய்ச் சேர்வதே அதன் வழக்கமான முடிவு. அம்முடிவிலிருந்து கணிசமான காசுகளை மீட்டவர்கள் தனிமனிதர்களாகிய சேகரிப்பாளர்கள். அவர்கள் ஒன்றுகூடி அமைத்த சங்கங்களின் வரலாற்றில் காவிரிக் கரைக்கும் ஒரு பங்கு உண்டு.

முன்னோடிகள்

சென்னை மாகாண ஆட்சிப் பணியில் நெடுங்காலம் இருந்த சர் வால்டர் எலியட், தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய தம் நூலை 1886இல் வெளியிட்டார். 1888இல் பாதிரியார் லோவந்தால் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி நூல் எழுதினார். அடுத்த ஆண்டே படை அதிகாரி டஃப்னல், தென்னிந்தியாவில் நாணயம் சேகரிப்போருக்கான குறிப்புகளைத் தொகுத்து அச்சிட்டார். பாதிரியார் டிரேசி பாண்டியர் காசுகளை ஆராய்ந்தார். இவர்களுள் எவரும் வரலாற்றைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். அலுவல் போக எஞ்சிய நேரத்தில் கடைத்தெருக்களில் காசு தேடியவர்கள். ஒருவருக்குக் கிடைத்ததை மற்றவர் காணவும், ஒருவர் படித்ததை மற்றவர் திருத்தவும் அவர்களுடைய நூல்களும் இதழ்க் கட்டுரைகளுமே வாயிலாயின. பெயர் சூட்டப்படாத ஒரு சங்கமாகவே அவர்கள் இயங்கினர் எனலாம்.

1894ஆம் ஆண்டு தமிழ் உலகு மறக்கவியலாத ஆண்டு. உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றிய ஆண்டு அது. அதே ஆண்டில் 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் ஆய்விதழில், விசயநகர மன்னர்களின் அதுவரை வெளிவராத காசுகளைப் பற்றி டி. எம். ரங்காச்சாரியும் டி. தேசிகாச்சாரியும் ஒரு கட்டுரை எழுதினர். பின்னாளில் 'சர்' பட்டம் பெற்ற தேசிகாச்சாரி திருச்சிராப்பள்ளியின் வழக்கறிஞர். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து, 1933இல், தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் திருச்சிராப்பள்ளியிலிருந்தே வெளிவந்தது. ஐரோப்பியர் தொடங்கிய பணியை இம்மண்ணின் மைந்தர் ஒருவர் தம் ஊரிலிருந்தே தொடர்ந்தார் என்பது திருச்சிக்குப் பெருமை தருவதாகும்.

அவ்வாறு அமைந்ததில் வியப்பில்லை. உறையூர் முற்காலச் சோழரின் தலைநகர். சேரரின் வஞ்சி என அறிஞர் பலர் கொள்ளும் கரூர் 1995 வரையிலும், புதுக்கோட்டை 1974 வரையிலும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. சேரர் காசு, சோழரின் புலிக் காசு, உரோமானியக் காசு, நாயக்கர் காசு, புதுக்கோட்டையின் அம்மன் காசு எனப் பல காலத்துக் காசுகள் புழங்கிய நிலப்பரப்பு இது.

சங்கங்களின் தோற்றம்

இந்திய நாணயவியல் கழகம் 1910 டிசம்பரில் அலகாபாத்தில் தோன்றியது. பின்னர் அது காசியில் நிலைபெற்றது. அதன் ஆய்விதழ் 1939 முதல் வெளிவரலாயிற்று. குசாணர், குப்தர், முகலாயர் காசுகள் பெரிதும் பேசப்பட்ட அவ்வரங்கில் தமிழகத்தின் சிறு செப்புக்காசுகளுக்குக் கிடைத்த இடம் குறைவே. அவற்றில் எழுத்துத் தெளிவில்லை, உருவம் தேய்ந்திருக்கும், பொன்னின் கவர்ச்சியும் இல்லை.

இக்குறையை நீக்கத் தோன்றியதே தென்னிந்திய நாணயவியல் கழகம். அதன் ஆண்டு ஆய்விதழ் 1991இல் வெளிவரத் தொடங்கியது. ஆண்டுதோறும் கூடும் அதன் மாநாட்டில் பல்கலைக்கழகப் பேராசிரியரும் தொல்லியல் துறையினரும் தனிப்பட்ட சேகரிப்பாளரும் ஒரே அரங்கில் கட்டுரை படித்தனர். பெட்டிக்குள் இருந்த காசு பேரவைக்கு வந்தது. இதுவே அக்கழகத்தின் தலையாய தொண்டு.

அதன் வளர்ச்சிக்குப் பெரிதும் உழைத்தவர், 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021). சதுர வடிவச் செப்புக்காசு ஒன்றில் குதிரை உருவத்தோடு தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்னும் பெயர் இருப்பதை 1980களில் அவர் கண்டு வெளியிட்டார். மறுபக்கத்தில் பாண்டியரின் மீன் சின்னம் கோட்டுருவமாக உள்ளது. அதன்பின் 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்னும் சேரர் பெயர் தாங்கிய வெள்ளிக்காசுகளும் அறியப்பட்டன. சங்க காலத் தமிழ் மன்னர் நாணயங்களைப் பற்றிய அவருடைய விரிவான நூல் 1997இல் வெளிவந்தது. வழுதி என்றும் கோதை என்றும் புலவர் பாடிய பெயர்கள் அவ்வேந்தர் தம் அக்கசாலையிலேயே பொறிக்கப்பட்டமை இதனால் உறுதியாயிற்று. சங்கப் பாடல்களின் வரலாற்று மதிப்பை ஐயுற்றோர்க்கு அச்சிறு செம்பு விடை கூறியது.

இடம் இழந்த காசு

எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. காசிலுள்ள பெருவழுதி எந்தப் பெருவழுதி? பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியா, அப்பெயர் பூண்ட வேறொருவனா? பெயரை மட்டும் கொண்டு இதனைத் தீர்க்க இயலாது. அக்காசு அகழாய்வில் கிடைத்ததன்று, வணிகரிடம் வாங்கப்பட்டது. மண்ணின் எந்த அடுக்கில், எந்தப் பொருள்களோடு கிடந்தது என்பது தெரியாமையால், எழுத்தமைதியையே பெரிதும் நம்பிக் காலம் கணிக்க வேண்டியுள்ளது. கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த காசுகள் பலவற்றின் நிலையும் இதுவே.

இதற்கு மறுதலையான சான்று புதுக்கோட்டைப் பகுதியிலேயே உண்டு. 1898இல் கருக்காக்குறிச்சியில் ஒரு பானையில் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவை சிதறாமல் ஒருசேர ஆராயப்பட்டன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மீது வேண்டுமென்றே உளிவெட்டு இடப்பட்டிருந்தது அதனால் தெரியவந்தது. தனித்தனியே விற்கப்பட்டிருப்பின் ஒவ்வொரு வெட்டும் தற்செயலான பழுதாகவே எண்ணப்பட்டிருக்கும். தொகுதியாக நின்றமையால் அது வரலாற்றுச் செய்தியாயிற்று.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இதற்கு வழி வகுத்துள்ளது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எதனையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழி அறிவிக்க வேண்டும். அரசு அதனைக் கையகப்படுத்தினால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துத் தர வேண்டும். கண்டெடுத்தவரை வெறுங்கையோடு அனுப்புவது சட்டத்தின் நோக்கமன்று. இது மக்களுக்குத் தெரியாமையால் அச்சம் ஏற்படுகிறது. அச்சத்தால் காசு உருக்கப்படுகிறது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றின் எடை 1.716 கிலோ. அவை முறைப்படி ஒப்படைக்கப்பட்டமையால் எண்ணிக்கையும் எடையும் கிடைத்த இடமும் பதிவாகியுள்ளன.

சங்கங்களின் கடமை

ஊர்தோறும் இயங்கும் சேகரிப்போர் சங்கங்கள் கண்காட்சி நடத்துகின்றன. மாணவர்க்குக் காசு படிக்கக் கற்றுத் தருகின்றன. போலிக் காசுகளை இனங்காட்டுகின்றன. புளியிட்டுத் துலக்கி எழுத்தைத் தேய்த்துவிடாதீர் என அறிவுறுத்துகின்றன. இவை யாவும் நற்பணிகளே. ஆயினும் இவற்றினும் மேலான பணி ஒன்று உண்டு. ஒவ்வொரு காசும் எங்கே, எப்போது, எவற்றோடு கிடைத்தது என்பதை எழுதிவைத்தலே அது. சங்கத்தின் பதிவேட்டில் ஒரு வரி சேர்வதற்குப் பொருட்செலவு இல்லை. அவ்வரி இல்லையேல், விலை உயர்ந்த காசும் வாயில்லாச் சாட்சியாகிவிடும்.

இதன் அருமையைப் புலவர் உலகம் எளிதில் உணரும். பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், திணை யாது, துறை யாது என்னும் அடிக்குறிப்பு இருப்பதனாலன்றோ புறப்பாடல் வரலாறாகின்றது! அக்குறிப்புச் சிதைந்த பாடல்களும் தொகையில் உள. அவற்றின் சுவை குன்றவில்லை, ஆனால் அவை எவரைப் பாடின என்பது மறைந்து போயிற்று. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றியதோடு அமையவில்லை. அவற்றை உதவியவர்களின் பெயர்களையும் முகவுரைகளில் நன்றியோடு பொறித்துவைத்தார். காசுக்கு அத்தகைய அடிக்குறிப்பை எழுதுவோரே உண்மையான நாணயவியலார். அவ்வேட்டைப் பேணும் சங்கமே, காசைச் சேர்த்ததோடு நில்லாது வரலாற்றையும் சேர்த்த சங்கமாகும்.