மின்கிதார் விளைவுக் கருவிகளின் வரிசை

மின்கிதாரின் கம்பி அதிர்வு பிக்கப்பில் மின்குறிப்பாக மாறுகிறது. அந்தக் குறிப்பு பெருக்கியைச் சென்றடையும் வழியில் அதன் ஒலியை மாற்றும் சாதனங்கள் விளைவுக் கருவிகள் எனப்படும். காலால் மிதித்து இயக்குவதால் கலைஞர்கள் இவற்றைப் பெடல் என்றே அழைக்கின்றனர். அதே பெடல்களை வேறு வரிசையில் இணைத்தால் பெரும்பாலும் வேறு ஒலி கிடைக்கும். இன்று பரவலாகப் பின்பற்றப்படும் வரிசை எவரோ ஒருவர் வகுத்த விதி அன்று. பழுதான கருவிகள், மின்னியல் தேவைகள், கலைஞர்களின் சோதனைகள் ஆகியவற்றின் ஊடாகச் சில பத்தாண்டுகளில் உருவான வழக்கமே அது.

தொடக்க காலம்

தனிப் பெட்டியாக விற்கப்பட்ட முதல் விளைவுக் கருவிகளுள் ஒன்று, 1940களில் அமெரிக்காவில் வெளிவந்த டிஆர்மண்ட் டிரெமொலோ ஆகும். சிறு கலத்திலுள்ள திரவத்தை ஒரு மோட்டார் அசைக்க, ஒலி ஏறி இறங்கும். 1950களில் ரே பட்ஸ் என்பவர் நாடா எதிரொலியை உள்ளடக்கிய எக்கோசோனிக் பெருக்கியை உருவாக்கினார். செட் அட்கின்ஸும், எல்விஸ் பிரெஸ்லியின் கிதார் கலைஞர் ஸ்காட்டி மூரும் அதைப் பயன்படுத்தினர். அக்காலத்தில் ஒரு கலைஞரிடம் ஒரு விளைவு இருந்தாலே அரிது. எனவே வரிசை பற்றிய கேள்வி எழவில்லை.

சிதைவின் வருகை

1951இல் வெளியான ‘ராக்கெட் 88’ பாடலில் பழுதடைந்த பெருக்கியின் கரகரப்பு அப்படியே பதிவானது. 1961இல் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாடலிலும் அதுபோன்ற ஓசை கேட்டது. நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தின் கலவை மேசையில் ஏற்பட்ட கோளாறே அதற்குக் காரணம். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்த ஓசையை வேண்டும்போது எழுப்பக்கூடிய டிரான்சிஸ்டர் சுற்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதை 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ பாடலுக்குப் பின்னரே அது பரவலாக விற்றது.

1966இல் லண்டனில் ஃபஸ் ஃபேஸ் வெளிவந்தது. 1967இல் வா-வா பெடல் கடைகளுக்கு வந்தது. ஒரே கலைஞரின் காலடியில் இரண்டு பெட்டிகள் சேர்ந்தபோது, எது முதலில் என்ற கேள்வியும் பிறந்தது.

வரிசை ஏன் முக்கியம்?

பள்ளிக் கணக்கு ஒன்றால் இதை விளக்கலாம். 5 உடன் 2ஐக் கூட்டிப் பிறகு 3ஐக் கூட்டினாலும், 3ஐக் கூட்டிப் பிறகு 2ஐக் கூட்டினாலும் விடை 10தான். ஆனால் 5 உடன் 2ஐக் கூட்டி 3ஆல் பெருக்கினால் 21. முதலில் பெருக்கிப் பிறகு கூட்டினால் 17.

ஒரே நிலையில் நிற்கும் வடிப்பானும் எளிய எதிரொலியும் முதல் வகை. அவற்றை இடம் மாற்றினாலும் ஒலி ஏறக்குறைய மாறாது. சிதைவு அப்படியன்று. அது உள்ளே வரும் குறிப்பில் இல்லாத புதிய அதிர்வெண்களை உண்டாக்குகிறது. 200, 300 ஹெர்ட்ஸ் கொண்ட இரு சுரங்கள் ஒன்றாக உள்ளே சென்றால் 100, 500 ஹெர்ட்ஸ் போன்றவையும் வெளிவரும். எதிரொலியைச் சிதைவுக்கு முன் வைத்தால், பழைய சுரமும் புதிய சுரமும் கலந்து சிதைந்து குழம்பும். பின்னால் வைத்தால், சிதைந்த சுரம் தெளிவாகத் திரும்பத் திரும்பக் கேட்கும்.

1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வா-வா, ஃபஸ் ஃபேஸ், யூனி-வைப், மார்ஷல் பெருக்கி என்ற வரிசையில் வாசித்தார். வா-வா முன்னால் இருந்ததால், அது தேர்ந்தெடுத்த அதிர்வெண்களையே ஃபஸ் அதிகமாகச் சிதைத்தது. வா-வாவைப் பின்னால் வைத்தால், ஃபஸ் உண்டாக்கிய மேற்சுரங்களை அது வடிக்கும். அதன் ஏற்ற இறக்கம் இன்னும் அகலமாகக் கேட்கும்.

மின்னியல் காரணமும் உண்டு. ஃபஸ் ஃபேஸின் உள்ளீட்டு மின்னெதிர்ப்பு மிகக் குறைவு. கிதாருடன் நேரடியாக இணைத்தால்தான், கிதாரின் ஒலியளவுக் குமிழைச் சற்றுத் திருப்பிச் சிதைவைத் தணிக்க முடியும். இடையில் பஃபர் சுற்று வந்தால் அந்த இணக்கம் கெட்டு ஒலி கூர்மையாகிவிடும்.

வழக்கமான வரிசை

1974இல் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90, 1976இல் பாஸ் சிஇ-1 கோரஸ், 1977இல் பாஸ் நிறுவனத்தின் சிறு பெடல்கள் எனக் கருவிகள் பெருகின. கம்பிவடங்கள் நீண்டதால் உச்ச ஒலிகள் மங்கின. இங்கிலாந்தின் பீட் கார்னிஷ், டேவிட் கில்மோர் போன்றோருக்குப் பஃபர் சுற்றுகளுடன் பெடல் பலகைகளை அமைத்துத் தந்தார்.

வா-வா, கம்ப்ரெசர், சிதைவு, ஃபேசர் அல்லது கோரஸ், எதிரொலி, எதிர்முழக்கம் என்ற வரிசை நிலைபெற்றது. இது இயற்கையை ஒத்தது. ஒலி முதலில் உருவாகிறது. பிறகே அது அறையின் சுவர்களில் பட்டு முழங்குகிறது.

பெருக்கியின் முன்பகுதியிலேயே சிதைவை உண்டாக்கும் பழக்கம் வளர்ந்தபோது புதிய சிக்கல் வந்தது. பெருக்கிக்கு முன் உள்ள எதிரொலி, தானாகவே சிதைவுக்கும் முன்னால் நின்றது. இதற்காக முன்பெருக்கிக்கும் திறன்பெருக்கிக்கும் இடையே கருவிகளை இணைக்கும் துளைகள் அமைக்கப்பட்டன. 1980களில் இவ்வசதி பரவலானது.

வழக்கத்தை மீறியோர்

எடி வான் ஹேலன் 1978இல் வெளியான தம் குழுவின் முதல் தொகுப்பில், சிதையும் மார்ஷல் பெருக்கிக்கு முன்னால் ஃபேஸ் 90ஐ வைத்தார். யூ2 குழுவின் எட்ஜ், எதிரொலியை நேராக வாக்ஸ் ஏசி30 பெருக்கிக்குள் செலுத்தினார். 1980களின் இறுதியில் பிரிட்டனில் வளர்ந்த ஷூகேஸ் இசையில், எதிர்முழக்கத்தைச் சிதைவுக்கு முன்னால் வைக்கும் முறையும் கையாளப்பட்டது. குழப்பம் என ஒதுக்கப்பட்ட ஒலியே அங்கு விரும்பப்பட்டது.

எண்ணிமக் கருவிகளில் இன்று விரல் நுனியால் வரிசையை மாற்றலாம். ஆனாலும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. புதிதாகக் கற்பவர், ஒலி சரியில்லை என்று ஒரு பெடலை விற்றுவிட்டு வேறொன்று வாங்கும் முன், அதன் இடத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது. பல நேரங்களில் குறை கருவியில் இருப்பதில்லை. அதற்கு முன்னும் பின்னும் இருப்பவற்றிலேயே இருக்கிறது.