அஸ்ஸஹ்ராவீயின் இடுக்கியும் சென்னை கோஷா மருத்துவமனையும்

இடுக்கி கொண்டு வெளிக்கொணரப்பட்ட குழந்தையை 'ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை' என்று நம் மூத்த தலைமுறையினர் கூறுவர். அவ்வாயுதத்தைக் கண்டறிந்தவர் குர்துபாவின் மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) அவர்களே என்பது நம் மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் செய்தி. பெருமைக்குரியது என்பதாலேயே இதனை ஆராயாமல் ஏற்பது அறிவுடைமையன்று.

கி.பி. 1013 அளவில் மறைந்த அப்பெருந்தகையின் 'அத்தஸ்ரீஃப்' முப்பது பாகங்கள் கொண்டது. அறுவை மருத்துவம் பற்றிய இறுதிப் பாகத்தில் ஏறத்தாழ 200 கருவிகள் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. பேறுகால இடுக்கிகளும் அவற்றுள் உண்டு. ஆனால் அவை பற்கள் உடையவை. கருவிலேயே இறந்துவிட்ட சிசுவை அகற்றித் தாயைக் காப்பதற்கானவை. உயிருள்ள சிசு கோணலாக வரும்போது கைகளால் எவ்வாறு திருப்புவது என்பதையே அவர் மருத்துவச்சிகளுக்குக் கற்பிக்கிறார். உயிருள்ள சிசுவுக்கான இடுக்கி 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சேம்பர்லன் குடும்பத்தாரிடம் தோன்றியது. அவர்களோ அதனை நூறாண்டுக்கும் மேலாகக் குடும்ப இரகசியமாக மறைத்து வைத்தனர்! அஸ்ஸஹ்ராவீ தம் கருவிகளை வரைந்தே காட்டினார். நம் பார்வையில் அவரது சிறப்பு இங்கேதான் இருக்கிறது.

பெண்ணுக்குக் கல்லடைப்பு அறுவை செய்யும் இடத்தில், மருத்துவம் அறிந்த பெண் கிடைப்பது அரிது எனக் குறிப்பிட்டு, மருத்துவச்சியை வைத்துத் தாம் சொல்லச் சொல்லச் செய்விக்குமாறு அவர் வழிகாட்டுகிறார். இதே இடர்ப்பாடு எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் சென்னையில் நீடித்தது. ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்த கோஷாப் பெண்கள் பிரசவ வேதனையில் படும் துன்பத்தைக் கேட்டறிந்த மேரி ஷார்லீப் அம்மையார் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களைச் சேர்ப்பதற்கு ஆதரவாக நின்றவர் சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர். சென்னையில் முஹம்மதன் பொது நூலகம் உருவாக வித்திட்டவரும் இவரே என்பதை நம் வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். அம்மையார் இலண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய பின், 1885இல் கோஷா மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இயங்குவது அதுவே.

கருவியின் கதை அத்துடன் நிற்கவில்லை. எடின்பரோவின் சிம்ப்சன் 1849இல் காற்றை உறிஞ்சித் தலையைப் பற்றும் முறையை முயன்றார். 1950களில் சுவீடனின் மால்ம்ஸ்ட்ரோம் உலோகக் கிண்ணம் ஒன்றை அமைத்தார். 2006இல் அர்ஜென்டினாவின் மோட்டார் வாகன மெக்கானிக் ஜார்ஜ் ஓடோனுக்கு ஒரு யோசனை பிறந்தது. புட்டிக்குள் விழுந்த தக்கையைப் பிளாஸ்டிக் பையில் காற்றூதி வெளியே இழுக்கும் வித்தையைக் கண்டு, சிசுவின் தலையையும் அவ்வாறே பற்றலாமே என எண்ணினார். மகளின் பொம்மையைக் கண்ணாடிச் சாடிக்குள் வைத்துச் சோதித்தார். உலக சுகாதார நிறுவனமும் ஆதரவளித்தது.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்த ஆய்வில், முன்னரே இசைவளித்திருந்த பெண்களில் 40 பேருக்கு அக்கருவி பயன்படுத்தப்பட்டது. 19 பேருக்கே அது வெற்றி தந்தது. 2021இல் ஆய்வாளர்கள் இதனை ஒளிக்காமல் வெளியிட்டனர். கருவியால் தாய்க்கோ சேய்க்கோ கடுந்தீங்கு எதுவும் நேரவில்லை என்பதும் அதில் பதிவாயிற்று.

நோயாளியின் 'இத்ன்' இன்றிச் சிகிச்சை செய்த மருத்துவர், தீங்கு நேர்ந்தால் ஈடு செய்யப் பொறுப்பாளி என்பது ஃபுகஹாக்கள் வகுத்த சட்டம். சோதனை நிலையில் உள்ள கருவிக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். அந்த இசைவை வேதனையின் உச்சத்தில் இருப்பவளிடம் கேட்பதா, முன்கூட்டியே விளக்கிப் பெறுவதா? கணவரின் கையொப்பம் அவளது இசைவுக்கு ஈடாகுமா? நம் தாருல் இஃப்தாக்கள் இவற்றைப் பேறுகால மருத்துவர்களுடன், குறிப்பாகப் பெண் மருத்துவர்களுடன், அமர்ந்து ஆராய வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.