பென்சிலில் எழுதிய கேபிள்

புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரி 14-இல் உருவானது. திருச்சியில் கொஞ்சம், தஞ்சாவூரில் கொஞ்சம் பிரித்துச் சேர்த்தார்கள். டெலிபோன் எண்களுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. எஸ்.டி.டி. குறியீடு புதுக்கோட்டைக்கு 04322, கீரனூருக்கு 04339. இரண்டும் திருச்சிப் பக்கத்து வரிசை. அறந்தாங்கி மட்டும் 04371, பட்டுக்கோட்டையின் 04373-க்கு அண்டைவீடு. கலெக்டர் எல்லை மாறினாலும் பூமிக்குள் போன கேபிள் மாறாது. லைன் வேலையில் கிடந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பழைய எல்லைதான் எல்லை.

அந்தக் காலத்தில் நெட்வொர்க் திட்டம் முழுவதும் ஒரு இரும்பு பீரோவுக்குள் அடங்கிவிடும். தடித்த ஏடு. ஒரு வரியில் டெலிபோன் எண், எக்ஸ்சேஞ்சில் கேபிள்கள் வந்து சேரும் எம்.டி.எஃப். சட்டத்தில் எந்த இடம், தெருவோரப் பில்லர் பெட்டியில் எத்தனையாவது கம்பி ஜோடி, வீடுகளுக்கு லைன் பிரியும் டிபி பெட்டி எது, அதில் எந்த ஜோடி, கடைசியில் வீட்டுக்காரர் பெயர். பேனா கூடாது, பென்சில்தான். ஒரு ஜோடி பழுதானால் பக்கத்து ஜோடிக்கு மாற்றிவிட்டு, அழித்து எழுத வேண்டுமே! அவசரத்தில் மாற்றிவிட்டு எழுத மறந்தவர்களும் உண்டு. அந்த ஜோடி யார் வீட்டுக்குப் போகிறது என்பது அதன்பின் அந்த லைன்மேனுக்கு மட்டுமே வெளிச்சம்.

1984-இல் தொடங்கிய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் 128 இணைப்புகளுக்கான சிறிய கிராம எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. ஏ.சி. வேண்டாம், தூசிக்கும் வெயிலுக்கும் அஞ்சாது. எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று இனி அந்தப் பெட்டியே சொல்லும். சுவருக்கு வெளியே செம்புக் கம்பி ஊமையாகவே கிடந்தது. நான் பார்த்த மென்பொருள் மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் மூலச்சிக்கல்.

ஆந்திரத் தொலைத்தொடர்பு வட்டத்தில் துறைக்காரர்களே ஆரக்கிளில் எழுதிய டாட்சாஃப்ட் மென்பொருள் முதலில் வந்தது. பில், புது இணைப்பு, 198-க்கு வரும் பழுதுப் புகார் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தன. ஒரே பில்லரில் பத்துப் புகார் குவிந்தால் அது வீட்டுக் கோளாறில்லை, கேபிள் கோளாறு என்பது திரையிலேயே தெரிந்தது. முன்பெல்லாம் அதைக் கண்டுபிடிக்க டெஸ்ட் டெஸ்க்கில் ஒரு கூர்மையான ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

2010-ஐ ஒட்டி, அழைப்பு விவரப் பதிவை வைத்துப் பில் போடும் சி.டி.ஆர். திட்டம் வந்தது. ஐதராபாத், புனே, கொல்கத்தா, சண்டிகர் என நான்கு தரவு மையங்கள். நம் கணக்கு ஐதராபாத்துக்குப் போனது. பில்லுக்கு அது நல்ல காரியம். ஆனால் டிபி எங்கே நிற்கிறது என்ற கட்டத்தில் ஏட்டில் இருந்ததை அப்படியே தட்டினார்கள்: ‘தென்னந்தோப்பு எதிரில்’, ‘புளியமரத்தடி’. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வடகாடு, கீரமங்கலம் பக்கம் தோப்புகளைச் சாய்த்தபோது அந்த முகவரிகளும் சேர்ந்து சாய்ந்தன. பழைய ஆட்களைக் கூட்டிவந்துதான் தேடினோம். 2020 ஜனவரி 31-இல் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் அவர்களில் பலர் வெளியேறிவிட்டார்கள். நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல்.

இப்போது கண்ணாடி இழை. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுபோகத் திட்டமிட்ட பாரத்நெட் வேலையில் நம் மாவட்டத்தின் அன்றைய 497-ம் அடக்கம். செம்பைப் போல இது ஊமையில்லை. அறுந்தால் ஓ.டி.டி.ஆர். கருவி எத்தனையாவது மீட்டரில் என்று சொல்லிவிடும். அது சொல்வது இழையின் நீளம், சாலையின் நீளமல்ல. பழுதுக்கு உதவட்டுமென்று கம்பத்துக்குக் கம்பம் சுருட்டித் தொங்கவிட்ட உபரி இழையையும் சேர்த்துத்தான் அது அளக்கும். எந்தக் கம்பத்தில் எத்தனை மீட்டர் சுருட்டினோம் என்பதைக் கட்டுகிற அன்றே வரைபடத்தில் ஏற்றச் சொல்லி இளம் ஜே.டி.ஓ. அதிகாரிகளிடம் நான் நச்சரிப்பது அதற்காகத்தான்.