மலேரியா: காற்றின் மேல் விழுந்த பழி

'மலேரியா' என்றதும் தமிழ்க் காதுக்கு அதில் 'மலை' கேட்கிறது. மலைக்காட்டில் தங்கித் திரும்பியவர் காய்ச்சலில் படுத்தால் மலைக்காய்ச்சல் என்று சொல்லிப் பழகிய காது இது. ஆனால் சொல் இத்தாலியிலிருந்து வந்தது. 'மால' கெட்டது, 'ஆரியா' காற்று. ரோம் நகரைச் சுற்றியுள்ள சதுப்புகளிலிருந்து கோடையில் கிளம்பும் நாற்றக் காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அந்த ஊரார் நம்பினார்கள். அந்த நம்பிக்கையே பெயராகிவிட்டது. 1740இல் ரோமிலிருந்து ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் எழுதிய ஆங்கிலக் கடிதத்தில் அந்தச் சொல் இருக்கிறது.

அந்த ஊராரை மூடர்கள் என்று தள்ள எனக்கு மனமில்லை. சதுப்பருகே காய்ச்சல் மிகுதி என்று அவர்கள் கண்டது உண்மை. ஆனால் பெயர் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டதால், தேடியவர்களின் கண் அதன் பின்னாலேயே போயிற்று. 1879இல் கிளெப்ஸ், தொம்மாசி குருதெலி என்ற இரு ஆய்வாளர்கள் ரோமின் சதுப்பு மண்ணிலேயே தேடி, ஒரு பாக்டீரியாவைப் பிடித்து, அதுதான் நோய்க்கிருமி என்று அறிவித்தார்கள். மறு ஆண்டே அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைனில் ராணுவ மருத்துவர் லாவெரான், நோயாளியின் ரத்தத் துளியில் நூல் போன்ற வால்கள் துடிக்கும் ஓர் உயிரைக் கண்டார். நோய் மண்ணிலும் இல்லை, காற்றிலும் இல்லை, ரத்தத்தில் இருந்தது.

ரத்தத்துக்கு அது எப்படி வந்தது? 1897இல் ஊட்டியை அடுத்த சீகூர் மலைச்சரிவுக்குப் போன மருத்துவர் ரொனால்ட் ராஸ் தாமே இந்தக் காய்ச்சலில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், நோயாளியைக் கடித்திருந்த ஒரு கொசுவை அறுத்துப் பார்த்தார். அதன் இரைப்பைச் சுவரில் கரும்பொடி பொதிந்த உருண்டைகள் ஒட்டியிருந்தன. மலேரியா ரத்தத்தில் காணப்படும் அதே கரும்பொடி! காற்றின் மேலிருந்த பழி அன்று நீங்கத் தொடங்கியது. பெயர் மட்டும் மாறவில்லை.

நம்மிடம் இதற்கு வேறொரு பெயர் இருந்தது: முறைக்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்து வருவதால் அப்படிச் சொன்னார்கள். யார் மேலும் பழி போடாமல், கண்டதை மட்டும் சொன்ன பெயர். 1880களில் இத்தாலிய மருத்துவர் கோல்ஜி அந்த முறைக்கான காரணத்தைக் காட்டினார்: சிவப்பணுக்கள் ஒரே சமயத்தில் வெடித்து ஒட்டுண்ணிகள் வெளியேறும்போதுதான் குளிர்நடுக்கம் எடுக்கிறது. அறிவியல் வந்த பிறகும் அந்தப் பெயரில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. பாடநூல் எழுதுகிறவர்கள் மலேரியாவுக்குப் பக்கத்தில் முறைக்காய்ச்சல் என்றும் எழுதட்டும்.