கொழும்பில சும்மா தங்குறது

போன செமஸ்டர் சோதனை முடிஞ்ச கையோட எங்களில் ஒருத்தி கொழும்புக்குப் போனாள். தனியாக, இரண்டு இரவு. கலியாண வீடு இல்லை, செத்த வீடு இல்லை, எம்பசியில் அலுவல் இல்லை, ஆஸ்பத்திரியில் ஆரும் கிடக்கவும் இல்லை. வெள்ளவத்தையில் ஒரு றூம் எடுத்து, நல்லா நித்திரை கொண்டு, கடலைப் பார்த்து, கையில இருந்த நாவலை முடிச்சிட்டுத் திரும்பி வாறது. அவ்வளவுதான் திட்டம். வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டாவாம், "சித்தி வீடு இருக்கேக்க லொட்ஜில என்னத்துக்கு நிக்கப்போறாய்?"

லொட்ஜிலும் அதே கேள்விதான். பதிவுப் புத்தகத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, அதுக்குப் பக்கத்தில் 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம். அவள் 'சும்மா' என்று எழுதினாள். மனேஜர் ஐயாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியைக் கழற்றி ஒருக்கா அவளைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அப்பிடி எழுதக்கூடாது. ஏதும் ஒரு காரணம் போடுங்கோ" என்றாராம். பிறகு தானே 'சும்மா'வை வெட்டிப்போட்டு 'மருத்துவம்' என்று எழுதினார். "முந்தி காரணம் இல்லாத ஆக்களைத்தான் பஸ்ஸில ஏத்தினவங்கள்."

அவள் இதைச் சிரிச்சுச் சிரிச்சுத்தான் எங்களுக்குச் சொன்னாள். ஆனால் அது எந்த பஸ் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. நாங்கள் முன்பள்ளிக்குப் போன காலத்துக் கதை அது. தேடி வாசித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டது. அதோடு யாழ்ப்பாணம் தரைவழியாகத் துண்டிக்கப்பட்டுவிட்டது. வெளியே வர வேண்டுமென்றால் இராணுவத்திடம் அனுமதி எடுத்து, பலாலியில் இருந்து பிளேன், இல்லாவிட்டால் காங்கேசன்துறையில் இருந்து திருகோணமலைக்குக் கப்பல். இவ்வளவு பாடுபட்டுக் கொழும்புக்கு வந்த ஆக்கள் ஒரு கிழமையில் அலுவலை முடித்துக்கொண்டு திரும்புவார்களா? பாஸ்போட்டுக்குக் காத்திருந்தவர்கள், விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சியிடம் காசு கட்டியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுக்க வந்தவர்கள், ஊரில் நின்றால் பிள்ளையைக் காணாமல் ஆக்கிவிடுவார்கள் என்று பயந்து பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்த தாய்மார். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி லொட்ஜுகள் இவர்களால் நிரம்பின. இரண்டு நாளுக்கு எடுத்த றூமில் மாதக்கணக்கில் இருந்தார்கள். லொட்ஜ் என்ற சொல்லுக்கே எங்கட சனத்திடம் அப்போது வேறொரு பொருள் வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அது வீடுமில்லை, பயணமுமில்லை.

2007 யூன் 7, விடியப்புறம். பொலிசாரும் படையினரும் லொட்ஜுகளின் கதவுகளைத் தட்டினார்கள். சாமான்களைக் கட்டக் கொஞ்ச நேரம்தான் கிடைத்தது. 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். அதில் 291 ஆண்கள், 85 பெண்கள். வவுனியாவுக்கும் கிழக்குக்கும் பஸ்கள் போயின. இவர்கள் தகுந்த காரணம் இல்லாமல் கொழும்பில் தங்கியிருந்தவர்கள் என்பதுதான் பொலிஸ் தரப்பின் விளக்கம். மனேஜர் ஐயாவின் 'காரணம்' இங்கிருந்துதான் வருகிறது.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த நாளே, யூன் 8, வெளியேற்றத்தை நிறுத்தும்படி இடைக்காலத் தடையுத்தரவு வந்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க சில நாட்களில் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச நடந்ததை நியாயப்படுத்தினார். வெளியேற்றப்பட்டவர்களில் கன பேர் கொழும்புக்குத் திரும்பவும் கொண்டுவரப்பட்டார்கள். வேகமாகக் கிடைத்த நீதி என்று இதைச் சொல்லலாம், சொல்லத்தான் வேணும். ஆனால் விடியப்புறம் நைற்றியோட பஸ்ஸில் ஏறின ஒரு அம்மாவுக்கு, திரும்பி வந்து அதே கட்டிலில் படுத்தால் நித்திரை வந்திருக்குமா என்பதைத் தடையுத்தரவில் எழுத ஏலாது.

1978 அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை எல்லாப் பிரசைகளுக்கும் நாட்டுக்குள் நடமாடவும், விரும்பிய இடத்தில் வதியவும் சுதந்திரம் இருக்கிறது என்கிறது. தேசியப் பாதுகாப்புக்காகச் சட்டத்தின் மூலம் அதை மட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரை சொல்கிறது. காரணம் காட்டவேண்டியது மட்டுப்படுத்துகிற அரசு. 2007 இல் அது தலைகீழாகி, கட்டிலில் படுத்திருந்தவர் காரணம் காட்ட வேண்டி வந்தது.

இதை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளவத்தையில் தனியாகத் தங்கிய இன்னொரு ஆளின் கதை எங்களிடம் வந்து சேர்ந்தது. அந்த ஆளிடம் ஒருத்தரும் காரணம் கேட்கவில்லை.

கொழும்பில் ஆறுதலாகத் தங்குவதற்கென்று இடங்கள் கட்டப்பட்டது வெள்ளைக்காரருக்காக. காலிமுகத்திடல் ஹோட்டல் 1864 இல் வந்தது. 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்தபிறகு கப்பல்கள் கூடின, இறங்கி இரண்டு நாள் காற்று வாங்கிப் போகிறவர்களும் கூடினார்கள். 1929 இல் சிலி நாட்டின் தூதரக அலுவலராக இங்கே வந்து இறங்கினார் பப்லோ நெருடா. வயது 25 கூட ஆகவில்லை, கிட்டத்தட்ட எங்கட வயது. வெள்ளவத்தையில் கடலோரம் ஒரு பங்களா எடுத்தார். உத்தியோக வேலை பெரிதாக இல்லை. ஒரு கீரி வளர்த்தார், புத்தகம் வாசித்தார், எழுதினார். வெள்ளவத்தைத் தனிமை என்று இலக்கிய உலகம் பெரிதாகப் பேசுவது இந்த நாட்களைத்தான்.

அந்த வீட்டில் மலசலகூட வாளியை எடுக்க விடியப்புறம் ஒரு பெண் வருவாள். தமிழ்ப் பெண், ஒடுக்கப்பட்ட சாதி. ஒருநாள் அவளது கையைப் பிடித்து இழுத்து அவர் வன்புணர்ந்தார். இது ஆரும் கட்டின கதை இல்லை. 1973 இல் அவர் இறந்து அடுத்த வருடம் வெளிவந்த சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அவள் கண்ணை மூடவே இல்லையாம், தன்னை வெறுத்தது சரிதானாம். அவளுடைய பெயர் அந்தப் புத்தகத்தில் இல்லை. அசோக ஹந்தகம 2021 இல் எடுத்த 'அல்பொராடா' படம் இந்தச் சம்பவத்தைப் பற்றியதுதான். கல்லூரி வாசலில் நெருடாவின் காதல் கவிதைகளைத் தமிழில் மனப்பாடம் செய்த ஆக்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அந்தக் கவிதைகளைத் தூக்கி எறிவதா இல்லையா என்று ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்தோம், முடிவு வரவில்லை. ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனோம். ஒரு ஆள் ஆறுதலாக இருந்த அந்த வீட்டை விடியமுந்தி எழும்பித் துப்புரவாக்கியது இன்னொரு ஆள். வெள்ளவத்தையின் வரலாற்றில் அவளும் ஒரு வரி.

2007 பஸ்ஸைப் பற்றி எழுதுகிற நாங்கள் 1990 ஒக்டோபர் கடைசியை விட்டுவிட்டு எழுதினால் அது அரைவாசிக் கதை. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். அங்கே தங்கியதற்குக் காரணமெல்லாம் கேட்கப்படவில்லை, பிறந்து வளர்ந்த ஊரையே விட்டுப் போகச் சொன்னார்கள். பிறகு 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அடுத்த கிழமைகளில் கொழும்பில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது முஸ்லிம்கள். தனியாக ஒரு முஸ்லிம் பெடியன் வந்து 'சும்மா ஒரு றூம்' என்று கேட்டிருந்தால் எத்தனை தமிழ் லொட்ஜுகள் சாவியை எடுத்துக் கொடுத்திருக்கும்? நெஞ்சில் கை வைத்து எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

சரி, அவளுடைய இரண்டு நாளுக்கு வருவோம்.

முதல் நாள் பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கல்லில் போய் இருந்தாள். கடற்கரையோரமாக ரெயின் போகும்போது கல்லும் சேர்ந்து அதிரும். குடைக்குள்ளே சோடிகள், தனியாக இருந்தது அவள் மட்டும். கடலை விற்கிற அண்ணை இரண்டு தரம் வந்து "ஆரையும் பாத்துக்கொண்டு இருக்கிறீங்களா?" என்று கேட்டாராம். ஒரு பெண் தனிய இருந்தால் ஆரோ வரவேணும் என்று ஒரு கணக்கு. அடுத்த நாள் காலமை 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்கத்துக்குப் போனாள். 1942 இல் தொடங்கிய சங்கம், நல்ல நூலகம். அங்கே மட்டும் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. நூலகத்தில் சும்மா இருக்கிறவர்களுக்கு 'வாசகர்' என்று மரியாதையான ஒரு பெயர் இருக்கிறதே.

மத்தியானம் பஸ் ஏறிப் புறக்கோட்டை, அங்கிருந்து நடந்து பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் கட்டிய கோயில், பிறகு அவரது மகன் சேர் பொன். இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். துறைமுகத்து லொறிகளின் சத்தம், கொட்டாஞ்சேனைப் பக்கத்து வெயில், எல்லாம் வாசலோடு நின்றுவிடும். உள்ளே கல் குளிர்ந்து கிடந்தது. தூணில் சாய்ந்து ஒரு மணித்தியாலம் இருந்தாளாம். சாமி கும்பிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கோயிலில் இருக்கிறவரிடம் ஏன் வந்தனீர் என்று ஆரும் கேட்கமாட்டார்கள் என்பதற்காகவே அங்கே போனாளாம்.

இரவு அம்மா கோல் எடுத்தா.

"இண்டைக்கு என்ன செய்தனி?"

"கோயிலுக்குப் போனன். பிறகு வந்து நித்திரை கொண்டன்."

"இதுக்கு நல்லூருக்குப் போயிருக்கலாமே?"